டெஸ்க்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை: ஃபார்மட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

கேட்கப்பட்டது இதுதான். ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டு லோகோ வருகிறது. அதன் பிறகு சில நாள் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிற ஒரே வரியோடு கருப்புத் திரையில் நின்றுவிடுகிறது. சில நாள் விண்டோஸின் புள்ளி வட்டம் சுற்றத் தொடங்கி, பாதியிலேயே ரீஸ்டார்ட் ஆகிறது. கேட்டவர்கள் எல்லோரும் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். உள்ளே பல வருடப் படங்கள் இருக்கின்றன, பேக்கப் கிடையாது.

தயவுசெய்து ஃபார்மட் செய்ய வேண்டாம். படங்கள் பத்திரமாக வெளியே வரும்வரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதவே வேண்டாம்.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விண்டோஸ் மேல் சந்தேகம் வரவில்லை. விண்டோஸ் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் தினமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிதான் நிற்கும். ஒரு நாள் டிஸ்க்கே இல்லை என்கிறது, மறுநாள் டிஸ்க்கிலிருந்து பாதி விண்டோஸ் ஏறுகிறது என்றால், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஏதோ விட்டு விட்டு அறுகிறது. அது கேபிளாக இருக்கலாம், கரண்ட் கனெக்டராக இருக்கலாம், டிஸ்க்காகவே இருக்கலாம். மூன்றில் எதுவானாலும் ஃபார்மட் அதைத் தீர்க்காது. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் ஃபார்மட் அதைச் சீக்கிரம் முடித்தும் விடும்.

எந்த சிஸ்டத்துக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் படியில் நிற்கிறது என்பதே. பட்டனை அழுத்தியதும், சுவர் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், சரியான வோல்டேஜ் வந்துவிட்டது என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் தரும். அப்புறம் பிராசஸர் விழித்து, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை ஓட்டும். இப்போது வரும் போர்டுகளில் அது யுஇஎஃப்ஐ; பேச்சு வழக்கில் பயாஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். பயாஸ் ராமைச் சோதிக்கும், கிராஃபிக்ஸை எழுப்பும், எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று பார்க்கும். லோகோ உங்கள் கண்ணில் படுவது இந்தக் கட்டத்தில். அடுத்து டிஸ்க்கில் உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனிலிருந்து (தனியாகப் பிரித்த பகுதி), விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை எடுத்து ஓட்டும். பூட்லோடர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவர்களையும் ராமில் ஏற்றும். புள்ளி வட்டம் சுற்றுகிறது என்றால் பூட்லோடர் கிடைத்துவிட்டது, பொறுப்பு விண்டோஸ் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

லோகோ வருகிறது என்பதால் பிராசஸர், கிராஃபிக்ஸ், மானிட்டர் கேபிள் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம். லோகோவே வராத சிஸ்டத்துக்கு வழி வேறு. அங்கே ராமைக் கழற்றி மாட்டுவது, ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துப் பார்ப்பது, மதர்போர்டில் எரியும் சின்ன விளக்கு எந்தப் பெயருக்கு எதிரே நிற்கிறது என்று கவனிப்பது என்று போக வேண்டும். டிடிஆர் 5 ராம் புதிதாக மாட்டியிருந்தால் முதல் முறை சில நிமிடம் வரை திரை கருப்பாகவே இருக்கலாம், அதுவும் பழுதல்ல. உங்களுக்கு அது தேவையில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

சரி, வேலையைத் தொடங்கலாம். யுஎஸ்பியில் கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். எப்போதோ செருகி மறந்த பென் டிரைவிலிருந்து பூட் ஆக முயன்று, முடியாமல் இதே வரியைக் காட்டும் சிஸ்டங்கள் நிறைய. அப்புறம் ஆன் செய்த உடனே டெலீட் கீயையோ எஃப் 2 கீயையோ விட்டு விட்டுத் தட்டினால் பயாஸ் செட்டப் திறக்கும். அங்கே டிஸ்க்குகளின் பட்டியலில் உங்கள் டிஸ்க்கின் மாடல் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் வெளியே வந்து, சிஸ்டத்தை அணைத்து, மறுபடி இதையே நாலைந்து முறை செய்யுங்கள். உங்கள் பிரச்சினை விட்டு விட்டு வருவது என்பதால் ஒரு முறை பார்த்தது போதாது.

டிஸ்க் பெயர் ஒரு முறை வந்து ஒரு முறை வராமல் போனால் என் சந்தேகம் உறுதி. சிஸ்டத்தை அணைத்து, சுவரிலிருந்து பவர் கார்டை எடுத்துவிட்டு, பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொண்டு உள்ளே கை வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கார்டை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான வோல்டேஜ் இருக்கும்.

சாட்டா டிஸ்க் என்றால் அதற்கு இரண்டு கேபிள் வரும். மெல்லியது டேட்டாவுக்கு, அகலமானது கரண்டுக்கு. டேட்டா கேபிளைக் கழற்றி மாட்டினால் மட்டும் போதாது. வேறு கேபிள் போடுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டிலும் மாட்டுங்கள். சாட்டா கனெக்டர்கள் ஐம்பது முறை கழற்றி மாட்டுவதைத் தாங்கினால் போதும் என்ற அளவில்தான் வடிவமைக்கப்பட்டவை, அடிக்கடி கை பட்ட கேபினட்டில் அவை தளர்ந்துபோவது இயல்பு. கரண்ட் கேபிளுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு கனெக்டரைப் போட்டுப் பாருங்கள். எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால் கேபிளே கிடையாது. ஸ்குருவைக் கழற்றி, எடுத்து, சாய்வாக முழுவதும் உள்ளே தள்ளி மறுபடி முடுக்க வேண்டும். இன்னொன்று: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் புதிதாக ஒன்றைச் செருகினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். சமீபத்தில் அப்படி ஏதாவது சேர்த்திருந்தால் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

கேபிள் மாற்றியதும் எல்லாம் சரியாகி விண்டோஸ் வந்துவிட்டால் அந்த நிமிடமே படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேபிள் மாற்றியும் அப்படியே இருந்தால் டிஸ்க்தான். இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் சிஸ்டம் இதே மாதிரி தடுமாறியது. விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை, கெட்ட இடங்களையும் சரிபார்க்கும் முறையில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் டிஸ்க் டக் டக் என்று தட்டும் ஓசையோடு கிடந்தது. அதற்குப் பிறகு அது எந்தக் கணினியிலும் தெரியவில்லை. செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைகளை, சரி செய்யும் கருவி, உள்ளே இருக்கும் டேட்டாவைக் காப்பாற்றும் கருவி அல்ல. படிக்கவே திணறும் டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும், அட்டவணைகளை மாற்றியும் எழுதும். நல்ல டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தால் அது அருமையான மருந்து. டிஸ்க்கே சந்தேகத்தில் இருக்கும்போது ஓட்டவே கூடாது. அந்த வீட்டின் படங்கள் திரும்பி வரவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் டேட்டாவை எடுங்கள். அதற்கு எளிய வழி உபுண்டு மாதிரியான ஒரு லினக்ஸை பென் டிரைவில் போட்டு அதிலிருந்து சிஸ்டத்தை எழுப்புவது. வேறொரு கணினியில் உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் என்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதலாம். ஆன் செய்யும்போது எஃப் 12 அல்லது எஃப் 11 தட்டினால் எதிலிருந்து பூட் ஆவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் ‘முயன்று பார்’ என்ற வழியில் போங்கள். உங்கள் டிஸ்க் அங்கே தெரிந்தால் படங்கள் இருக்கும் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மிக முக்கியமானதை முதலில், சின்னச் சின்ன ஃபோல்டராக. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கியிருந்தால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும்தான் விடும். நமக்குத் தேவையும் அதுவே.

நகலெடுப்பது பாதியில் நின்று நின்று போனாலோ, சில கோப்புகளில் பிழை காட்டினாலோ ஃபோல்டர் ஃபோல்டராக எடுப்பதை நிறுத்திவிடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை இருக்கிறது. அது முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, திணறும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும். எதுவரை எடுத்தது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதிலிருந்து எதற்கு என்பதைத் தலைகீழாகக் கொடுத்தால் இருப்பதும் அழிந்துவிடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் இதையும் செய்யாமல் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பை முழுநேர வேலையாகச் செய்பவர்களிடம் கொடுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் படங்கள் அந்த அளவுக்கு முக்கியம் என்றால் வேறு வழியில்லை.

டேட்டா வெளியே வந்துவிட்ட பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிய கணக்கை ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் தானே எழுதி வைத்திருக்கும். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியில் அது தெரியும். வரிசை எண் 5, மாற்றி அமைக்கப்பட்ட செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு சேமிப்புப் பகுதி). 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. எண் 199 வேறு கதை. அது கேபிள் வழியில் டேட்டா சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. 5, 197 இரண்டும் பூஜ்ஜியமாக இருந்து 199 மட்டும் பெரிய எண்ணாக இருந்தால் குற்றவாளி அநேகமாகக் கேபிள், டிஸ்க் நல்லது. பழைய எண் அழியாது என்பதால், கேபிள் மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எத்தனையோ நல்ல டிஸ்க்குகளை வீசி எறிகிறார்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் இந்த எண்கள் இருக்காது, அங்கே பிழைகளின் எண்ணிக்கையும் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதும் தனியாக இருக்கும். எஸ்எஸ்டிகள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நாளில் போய்விடுவதும் உண்டு.

டிஸ்க் எப்போதும் பயாஸில் தெரிகிறது, ஸ்மார்ட்டும் சுத்தம், ஆனாலும் பூட் டிவைஸ் இல்லை என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் குறித்துவைத்த தேதியைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான் பெரும்பாலான போர்டுகளில் இருக்கும். அது தீர்ந்ததும் தேதி போவதோடு, போர்டைப் பொறுத்து பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடலாம். அதில் இரண்டு அமைப்புகள் ஆளையே கவிழ்க்கும்.

ஒன்று, பூட் முறை. பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸ், பயாஸ் முழு யுஇஎஃப்ஐ முறைக்கு மாறிவிட்டால் எழாது. யுஇஎஃப்ஐ முறையில் போட்ட விண்டோஸும் லெகசி மட்டும் இருக்கும்போது எழாது. இரண்டாவது, டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் விதமான சாட்டா முறை; ஏஎச்சிஐ, ரெய்டு என்பவை அதன் வகைகள். ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸை ரெய்டு முறைக்கு மாற்றினாலோ, ரெய்டில் போட்டதை ஏஎச்சிஐக்கு மாற்றினாலோ, வட்டம் சுற்றத் தொடங்கி ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரையோடு ரீஸ்டார்ட் ஆகும். பார்த்தால் விண்டோஸ் கெட்டது போலவே இருக்கும். அமைப்பைப் பழையபடி மாற்றினால் எதுவும் நடக்காதது போல எழுந்து வரும். பேட்டரியைப் புதிதாகப் போட்டு, இந்த இரண்டையும் முன்பிருந்தபடி வைத்து, பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சமீபத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் எதையாவது கழற்றினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். இரண்டு டிஸ்க் இருக்கும் சிஸ்டத்தில் விண்டோஸைப் போடும்போது பூட்லோடர் மட்டும் இன்னொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு. விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில் இருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய அன்று சிஸ்டம் எழாது.

அடுத்து, பூட் டிவைஸ் கிடைக்கிறது, வட்டம் சுற்றிவிட்டு விழுகிறது என்ற நிலை. அடுத்தடுத்து இரண்டு முறை எழ முடியாமல் போனால் விண்டோஸ் 10, 11 இரண்டும் தாமாகவே ரிகவரி திரைக்குப் போகும். போகாவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து எழுப்பி ‘ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய விண்டோஸில் வேலை செய்த எஃப் 8 கீயை விண்டோஸ் 8 முதல் முடக்கி வைத்துவிட்டார்கள், அதைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குப் போனால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 9 அழுத்துங்கள். விழும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் நீலத்திரை அப்படியே நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம். அந்தப் பெயர் இல்லாமல் யாரிடம் கேட்டாலும் ஊகம்தான் பதிலாக வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு. அதில் எழுகிறது என்றால் விண்டோஸின் அடித்தளம் நன்றாக இருக்கிறது. கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ நீக்கிப் பாருங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் அதே ரிகவரி பட்டியலில் அப்டேட்டை நீக்கும் வழி இருக்கிறது. சிஸ்டம் ரெஸ்டோரும் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கக் கணினிகள் எழ முடியாமல் நீலத்திரையில் மாட்டிக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். சேஃப் மோடில் போய் அந்த மென்பொருளின் ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. டிஸ்க்கை அழிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பலரைத் தாமதப்படுத்தியது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததால் 48 இலக்க ரிகவரி கீ இல்லாமல் உள்ளே போக முடியவில்லை. உங்கள் டிஸ்க்கும் உங்களுக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கலாம், பல புதிய விண்டோஸ் 11 கணினிகளில் அது தானாகவே இயங்கிவிடுகிறது. பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் போன்ற பாதுகாப்பு அமைப்புகளில் கை வைக்கும் முன், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ரிகவரியில் உள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அங்கே நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் போய், எல்லா வகைக் கோப்பும் என்று மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் தெரியும்; அங்கேயே காப்பி செய்து வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். லினக்ஸ் பக்கமே போகாமல் கொஞ்சம் படங்களை எடுக்க இது போதும். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், வழக்கமான சி டிரைவ் டி ஆகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பூட்லோடர் மட்டும் கெட்டிருந்தால் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது கைவிட்டால் டிஸ்க்பார்ட் கட்டளையில், பூட்லோடர் இருக்கும் யுஇஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதலாம். பழைய குறிப்புகளில் வரும் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் யுஇஎஃப்ஐ சிஸ்டங்களில் பெரும்பாலும் அனுமதி மறுக்கப்பட்டது என்று நின்றுவிடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு நீலத்திரையின் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ராமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட் 86-ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும், ராமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஏதாவது பயாஸில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால், ஒவ்வொரு ராமையும் தனியாக மாட்டிப் பார்த்து எது கெட்டது என்று கண்டுபிடித்து மாற்ற வேண்டும்.

கடைசியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்று வந்தால், படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன, திறந்து பார்த்தால் திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். டிஸ்க் பழுதென்றால் புதிய எஸ்எஸ்டியில் போடுங்கள், பழையதை அழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். இன்ஸ்டால் நடக்கும்போது விண்டோஸ் போகப்போகும் டிஸ்க் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்தும் இல்லை, பூட்லோடரும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே போய் உட்காரும். விண்டோஸ் எழுந்த பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம்.